பங்குனி வெயிலும் பூக்கும் நாளும்: நெல்லைச் சீமைத் தோட்டத்துக்கு ஒரு கணக்கு

குளிர் நாடுகளில் உறைபனி விலகியதும் செடி துளிர்க்கும். அந்தக் கணக்கில் எழுதிய குறிப்புகளைத் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுவந்தால் ஒன்றும் ஒத்துவராது. இங்கே மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். செடிகளை அடக்கி வைப்பதும் கிளப்பிவிடுவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுப்போன ஈரம் மண்ணில் எவ்வளவு நாள் நிற்கிறது, தை, மாசிப் பனி எப்போது விலகுகிறது, முதல் கோடை மழை எந்த வாரம் விழுகிறது என்ற மூன்றையும் வைத்துத்தான் பங்குனி, சித்திரைத் துளிரும் பூவும் அமையும். மழையும் பனியும் நம் கையில் இல்லை. தண்ணீரை எப்போது நிறுத்துவது, எப்போது விடுவது, எந்த வாரம் கவாத்து செய்வது (கிளையை வெட்டிவிடுவது) என்பவை நம் கையில் இருக்கின்றன. பூக்கும் நாளை இரண்டு மூன்று வாரம் முன்பின் நகர்த்த அதுவே போதும்.

முதலில் மண்ணில் ஈரத்தைப் பாருங்கள்

மாதப் பெயரை மட்டும் நம்பிச் செய்தால் சில ஆண்டுகளில் தவறிப்போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் பதிவானது. தாமிரபரணிக் கரை முழுக்க வெள்ளம். அப்படி மார்கழியில் மழை கொட்டும் ஆண்டில் அடிமண் ஈரம் மாசி தாண்டியும் நிற்கும். கார்த்திகையோடு மழை முடிந்த ஆண்டில் தைப்பொங்கலுக்கே மேல்மண் காய்ந்திருக்கும். இரண்டு ஆண்டுக்கும் ஒரே தேதியில் தண்ணீர் நிறுத்தக் கூடாது.

ஒன்றரை அடி நீளமுள்ள மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று போதும். தை கடைசியிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை, மரத்து மூட்டில் (அடியில்) குத்தாமல் கிளை விரிந்த விளிம்புக்கு நேர்கீழே மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். செம்மண்ணில் ஈரம் இருக்கிற வரைக்கும் கம்பி இறங்கும், காய்ந்த இடத்தில் முட்டி நிற்கும். ஒரு அடி இறங்கினால் செடி இன்னும் மழைக்கால ஈரத்தில்தான் இருக்கிறது. அரை அடியில் நின்றால் வறட்சி தொடங்கிவிட்டது. சங்கரன்கோவில், மானூர்ப் பக்கத்துக் கரிசலில் இந்தச் சோதனை சரிவராது. காய்ந்த கரிசல் கல்லாக இறுகிவிடும், வெடிப்பு வழியாகக் கம்பி பொய்யாக இறங்கவும் செய்யும். அங்கே மண்வெட்டியால் ஒரு அடி தோண்டி ஒரு கட்டி எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். உருண்டையாகத் திரண்டால் ஈரம் உண்டு, உதிர்ந்தால் இல்லை. திசையன்விளைப் பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு) மணலில் சோதிக்கவே வேண்டாம். மழை நின்று மூன்று வாரத்தில் மேல்மண் காய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கோடை மழையை அளக்க நேரான பக்கமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, மழை விட்டதும் ஸ்கேலை விட்டுப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் நின்றால் சதுர மீட்டருக்கு 10 லிட்டர் விழுந்திருக்கிறது. நல்ல சத்தத்தோடு பெய்து ஓடிய மழை பலமுறை 5 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை ஒரு பாய்ச்சலாக எண்ணித் தண்ணீரைத் தள்ளிப்போடுவது சித்திரையில் செடி கருகுவதற்கு ஒரு பெரிய காரணம். 20 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மட்டும் ஒரு பாய்ச்சலைத் தவிர்க்கலாம்.

மரம் சொல்வது மரத்துக்கு, தொட்டிக்கு அல்ல

வேம்பு மாசியில் இலை பழுத்துக் கொட்டும். பங்குனியில் செம்புநிறக் கொழுந்து, அதை ஒட்டியே பூ. சித்திரை விசுவுக்கு வேப்பம்பூ கிடைப்பது இதனால்தான். புங்கும் அரசும் இதே வரிசையில் பழைய இலையை உதிர்த்து, மழை ஒரு துளி விழாமலே புதுத்தழை கட்டும். ஆழ வேர் அடிமண் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதும், பழைய இலையை உதிர்த்ததால் நீர்ச்செலவு குறைவதும் சேர்ந்து இதைச் சாத்தியமாக்குகின்றன. மாசியில் இலை கொட்டுகிற வேம்புக்கு நோய் என்று மருந்தடிக்க வேண்டாம், மூட்டில் குடம் குடமாக ஊற்றவும் வேண்டாம். உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காமல் வையுங்கள். இன்னும் மூன்று வாரத்தில் செடிகளைச் சுற்றி மண்ணை மூடி மூடாக்குப் போட அதுதான் தேவைப்படும்.

பூச்செடிக்கும் தொட்டிச்செடிக்கும் வேர் அரை அடி, ஒரு அடிக்குள்தான். வேம்பு பச்சையாகத் தழைத்து நிற்கும் அதே வாரத்தில் பக்கத்துச் செம்பருத்தி மொட்டை உதிர்த்துக்கொண்டிருக்கும். ஆகவே வேம்பை வெயிலின் அடையாளமாக மட்டும் வையுங்கள். கொழுந்து வந்தால் மூடாக்கு, நிழல்வலை வேலைகளைத் தொடங்கலாம். ஈரத்துக்குக் கம்பியை நம்புங்கள்.

குண்டுமல்லி, பிச்சி, முல்லை

இந்தப் பருவத்தில் நம் ஊருக்கு அதிகம் வேண்டியது இவைதான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், அப்புறம் வைகாசி வரை வரிசையாகக் கோயில் கொடை விழா. மல்லிகை புதுக்கிளையில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை விட்டுவைத்தால் இலை உண்டு, பூ சொற்பம். கவாத்து நாள்தான் பூ நாளைத் தீர்மானிக்கிறது.

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும். பிச்சியை டிசம்பர் கடைசியில் இரண்டரை அடி விட்டு வெட்டலாம். முல்லைக்கு ஜனவரி கடைசியில் ஒன்றரை அடி. கவாத்துக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கார்த்திகையில் மழை விடாமல் பெய்தால் நிறுத்த வழியில்லை. அப்போது தொடர்ந்து இரண்டு நாள் வெயில் அடிக்கும்வரை காத்திருந்து வெட்டுங்கள். நனைந்த வெட்டுவாயில் பூஞ்சணம் ஏறிக் கிளை மேலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். வெட்டிய அன்றே காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தெளித்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளர்வது எல்லாவற்றையும் எடுத்து, நடுவில் வெளிச்சம் விழும்படி திறந்துவிடுங்கள்.

உரம் வெட்டியவுடன். வளர்ந்த ஒரு மூட்டுக்கு (செடிக்கு) தொழுவுரம் 10 கிலோ, யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாகப் பள்ளம் பறித்துப் போட்டு மூடித் தண்ணீர் விடுங்கள். இது ஆண்டுக்கு வேண்டியதில் பாதி. மீதிப் பாதி ஜூன், ஜூலையில். இரண்டையும் சேர்த்துக் கார்த்திகையிலேயே கொட்டினால் மார்கழியில் தழை மட்டும் பெருகும், அசுவினியும் வரும்.

தை முழுக்கக் கிளை மெதுவாகத்தான் வளரும். இரவு குளிர்ந்திருப்பதால் மொட்டு சிறுத்து, எண்ணிக்கையும் குறைவாக இருக்கும். இதைப் பார்த்துப் பயந்து யூரியா போடுகிறவர்கள் அதிகம். பொறுத்திருங்கள். மாசி நடுவில் பனி விலகி இரவு வெக்கை ஏறியதும் ஒரே வீச்சில் பக்கக் கிளைகள் கிளம்பும். கொத்துக் கொத்தாக மொட்டு அதில்தான். பங்குனி முதல் ஆனி வரை விளைச்சல் உச்சம்.

பங்குனி உத்திரத்துக்கும் வேண்டும், வைகாசிக் கொடைக்கும் வேண்டும் என்றால் எல்லா மூட்டையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். பாதியைக் கார்த்திகையிலும் பாதியைத் தையிலும் வெட்டுங்கள். தையில் வெட்டியது பின்தங்கித் தொடங்கும், முதல் பாதி ஓய்கிற வேளையில் கைகொடுக்கும். பூத்து முடிந்த கிளை நுனியை அவ்வப்போது இரண்டு கணு கிள்ளிவிடுவதும் அடுத்த அலையைச் சீக்கிரம் கொண்டுவரும்.

பங்குனி வந்ததும் தண்ணீர் இடைவெளி ஒழுங்காக இருக்க வேண்டும். செம்மண்ணில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, கரிசலில் எட்டுப் பத்து நாள், மணலில் மூன்று நாள் என்று தொடங்கி, கம்பி காட்டுவதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பத்து நாள் வாடவிட்டு ஒரேயடியாக நனைத்தால் கட்டியிருந்த மொட்டு பழுத்து உதிரும்.

பூச்சியை மொட்டை வைத்தே அடையாளம் காணலாம். இரண்டு மூன்று மொட்டு நூலாம்படையால் ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் ஊசி குத்தியது போன்ற துளை, அதன் வாயில் கருப்புக் கழிவு இருந்தால் மொட்டுப்புழு. மொட்டின் அடி உப்பி, ஊதா படர்ந்த இளஞ்சிவப்பாக மாறி, விரியாமலே காய்ந்தால் மொட்டு ஈ. இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றே: அந்த மொட்டுகளைப் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே அழிப்பது. மொட்டு ஈயின் புழு மண்ணில் விழுந்து கூட்டுப்புழு ஆவதால், மூட்டைச் சுற்றி இரண்டு அங்குலம் கொத்திக் கிளறி வெயில் காட்டுங்கள். பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் வடித்து, ஒரு கிராம் காதி சோப்பு கலந்து சாயங்காலம் தெளியுங்கள். கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் பழசானால் வீரியம் குறையும். ஆடி, ஆவணியில் பொறுக்கி நிழலில் உலர்த்தியது இந்தப் பங்குனி வரை சரியாக வரும்.

வள்ளியூர், ராதாபுரம் பக்கம் உப்பேறிய கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் இன்னொன்றையும் பார்ப்பார்கள். கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் தண்ணீரிலும் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போவதுதான் காரணம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாதம் ஒருமுறை இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். மண்ணில் போட்டால் பெரும்பகுதி வீண்.

எலுமிச்சை: வாடவிட்டுப் பூக்கவைப்பது

புளியங்குடிப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு மரம் வைத்திருப்பவர்கள் தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி, இலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எலுமிச்சைக்கு ஒரு வறட்சி வேண்டும். தண்ணீரை முழுதாக நிறுத்துங்கள்: மணலில் ஒரு வாரம் பத்து நாள், செம்மண்ணில் இரண்டு வாரம், கரிசலில் மூன்று நான்கு வாரம். மத்தியானம் இலை சுருண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் இன்னும் தாங்கும். விடியற்காலையிலும் சுருண்டே இருந்தால் அதுதான் எல்லை. அன்றைக்கே மூட்டைச் சுற்றி லேசாகக் கொத்தி, தொழுவுரம் போட்டு, வட்டப்பாத்தி நிரம்பத் தண்ணீர் விடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் துளிரோடு பூ வரும். பூவிலிருந்து பழத்துக்கு ஐந்து, ஆறு மாதம்.

கோடை மழை இதே வேலையைத் தானாகச் செய்துவிடும். ஆகவே வாடவிட்டிருக்கும்போது 20 மில்லிமீட்டர் மழை வந்தால் வறட்சி முடிந்தது என்று கொண்டு, தொடர்ந்து தண்ணீர் கொடுங்கள். மழையை நம்பி நிறுத்தியே வைத்தால் வந்த பூவும் பிஞ்சும் கொட்டும். காய் நிறைந்த மரத்தையும், மூன்று வயதாகாத கன்றையும் வாடவிடக் கூடாது.

மா, முருங்கை

மா பூப்பது தை, மாசியில். அதற்கு முன்னால் இரண்டு மாதமாவது கிளை ஓய்ந்து, இலை முற்றி, மண் காய்ந்து, இரவு கொஞ்சமாவது குளிர வேண்டும். மார்கழியிலிருந்து பிஞ்சு கடலைப் பருப்பு அளவு வரும்வரை தண்ணீர் காட்டாதீர்கள். தையில் மழை பெய்தாலோ, நாம் தண்ணீர் விட்டாலோ, பூ வரவேண்டிய நுனியில் செந்துளிர் வந்துவிடும். வந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை, அந்த ஆண்டு காய் குறையும். பூங்கொத்தின்மேல் பனி விழுந்து ஈரம் நிற்கும் காலையில் சாம்பல் நோய் பரவும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், பூ விரியுமுன் ஒருமுறை, பிஞ்சு பிடித்ததும் ஒருமுறை. கந்தகம் அடித்த மரத்தில் மூன்று வாரத்துக்கு வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள், உச்சி வெயிலில் கந்தகத்தையும் அடிக்காதீர்கள். இரண்டிலும் இலை வெந்துபோகும். பூங்கொத்து பிசுபிசுத்து, கீழே இலை கருத்தால் தத்துப்பூச்சி. அதற்கு வேப்பங்கொட்டைக் கரைசலைப் பூ மொட்டாக இருக்கும்போதே தெளித்தால்தான் பலன்.

முருங்கையும் மழை விட்ட பிறகே பூக்கும். மாசியில் மரம் வெள்ளையாக நிற்கும்போது ஆசையாக ஊற்றுகிற தண்ணீர்தான் பூவைக் கொட்டுகிறது. பூக்கும் வேளையில் பதினைந்து நாளுக்கு ஒரு பாய்ச்சல் போதும். காய் விரல் நீளம் வந்தபின் வாரம் ஒருமுறை. பூக்கும்போது கோடை மழை கொட்டினால் அந்த அலை போகும், அடுத்தது வரும். காய் முடிந்ததும் செடிமுருங்கையை மூன்று அடி விட்டு வெட்டிவிடுங்கள். ஆனியில் கிளம்பும் காற்றுக்கு நீண்ட முருங்கைக் கிளை நிற்காது.

மற்றவை, சுருக்கமாக

காகிதப்பூவுக்கு இலை வாடின பிறகுதான் தண்ணீர். மாசி, பங்குனியில் இலையே தெரியாமல் பூக்க வேண்டும் என்றால் தழைச்சத்து உரத்தைத் தையிலிருந்தே நிறுத்துங்கள். சரக்கொன்றை சித்திரையில் பூப்பதால் அதற்கு முன் கிளை கழிக்கக் கூடாது. பூ முடிந்து ஆனியில் கழியுங்கள். ரோஜா வெட்டின நாளிலிருந்து 45 நாள் கணக்கு. ஆனால் சித்திரையில் வருகிற பூ சிறுத்து, நிறம் வெளுத்துத்தான் இருக்கும், உரம் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. கறிவேப்பிலை வெக்கை ஏறியதும் துளிர்க்கும், கூடவே பூங்கொத்தும் வைக்கும். தழை வேண்டுமானால் கொத்தைக் கிள்ளி எறியுங்கள். செம்பருத்தியில் மொட்டு உதிர்ந்தால் நுனிக் கணுவில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் தண்ணீர் ஒழுங்கில்லை. மழை அல்லியை மூன்று, நான்கு வாரம் காயப்போட்டால் நல்ல கோடை மழை விழுந்த சில நாளில் எல்லாக் கிழங்கும் சேர்ந்து பூக்கும்.

வெயில் திசை மாறுவது

மாடித்தோட்டக்காரர்கள் பலர் கவனிக்காத ஒன்று. பாளையங்கோட்டை 8.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் தேதியை ஒட்டி, மத்தியானம் ஏறக்குறைய 12.20 மணிக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அதற்கு முன்பு வரை உச்சி வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழும். அதன் பிறகு ஆவணி பாதி வரை வடக்கிலிருந்து. தையில் சுவருக்கு வடக்கே நிழலில் சுகமாக இருந்த தொட்டி, சித்திரையிலும் வைகாசியிலும் வெயிலில் நிற்கும். நிழல் விரும்பும் குரோட்டன், பெரணி, அந்தூரியம் எல்லாவற்றையும் பங்குனி கடைசியிலேயே கிழக்குப் பக்கம் மாற்றுங்கள். காலை வெயில் மட்டும் போதும்.

மொட்டை மாடியில் காங்கிரீட் சூடு தொட்டியின் அடி வழியாக வேரை வேகவைக்கும். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துக் காற்றோட விடுங்கள். பங்குனி கடைசியிலிருந்து 50 சதவீத நிழல்வலை, ஆளுயரத்துக்கு மேலே, தொய்வில்லாமல். மல்லிகைக்கும் காகிதப்பூவுக்கும் வலை வேண்டாம், நிழலில் மொட்டு குறையும். மூடாக்குக்குத் தேங்காய் உரிமட்டையைக் குழிப்பக்கம் கீழே இருக்க அடுக்குங்கள், அல்லது சருகை மூன்று அங்குலம் பரப்புங்கள், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி. தண்டை ஒட்டிப் போட்டால் கோடை மழையில் நனைந்து மூடு அழுகும், கறையானும் ஏறும். குழாயில் முதலில் வருகிற கொதித்த தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

கோடை மழை விழுந்த மறுநாள்

மலையை ஒட்டிய அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி, களக்காடு பக்கம் சித்திரையில் மத்தியானத்துக்குமேல் இடியோடு மழை அடிக்கடி வரும். கிழக்கே நாங்குநேரி, ராதாபுரத்துக்கு அதில் கொஞ்சம்தான் எட்டும். மழைக்கு மறுநாள் காலையில் மல்லிகையில் நனைந்த விரிந்த பூவை எல்லாம் உதிர்த்துவிடுங்கள், விட்டால் அதிலிருந்து இலைப்புள்ளி பரவும். நனைந்த மொட்டைப் பறித்தால் துணியில் பரப்பி ஈரம் போனபின்தான் கட்ட வேண்டும். ஈரத்தோடு பொட்டலம் கட்டினால் சாயங்காலத்துக்குள் பழுப்பேறும். இறுகிய மேல்மண்ணை ஒரு அங்குலம் கொத்திவிடுங்கள், ஈரம் இன்னும் ஒரு வாரம் நிற்கும். இந்த ஈரத்தை நம்பிப் புதுக்கன்று நட வேண்டாம். தென்காசிப் பக்கம் ஆனிச் சாரல் தொடங்கியதும் நடலாம். மழை மறைவில் இருக்கும் பாளையங்கோட்டைக்கும் கிழக்கேயும் ஆனி, ஆடியிலும் வெக்கையும் காற்றுமாகத்தான் இருக்கும். அங்கே புரட்டாசி கடைசிதான் நடவுக்கு ஏற்றது. நர்சரியில் சித்திரையில் பூவோடு பார்த்து வாங்கிவந்த கன்றை, அதே பையில் நிழலில் வைத்துக் காப்பாற்றி அதுவரை கொண்டுபோகலாம். பையின் அடியில் வேர் சுற்றியிருந்தால் ஒரு அளவு பெரிய பைக்கு மாற்றுங்கள், பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள்.